ஏன் என்று கேட்காதீர்கள், எந்தக் காகிதம் என்று கேளுங்கள்: புதிய செய்தியாளர்களுக்கு ஆர்.டி.ஐ.

2017 ஜனவரி 28, சனிக்கிழமை. மத்திய பட்ஜெட்டுக்கு நான்கு நாள்தான் பாக்கி. கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க உதவும் தேர்தல் பத்திரம் என்ற ஒன்றைக் கொண்டுவர வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கிச் சட்டத்தையும் திருத்தியாக வேண்டும் என்பது அப்போதுதான் நிதி அமைச்சகத்தில் ஓர் அதிகாரிக்கு உறைக்கிறது. உடனே ரிசர்வ் வங்கிக்கு மின்னஞ்சல் போகிறது. திங்கட்கிழமை, 30-ஆம் தேதி, ரிசர்வ் வங்கி கடுமையாகப் பதில் எழுதுகிறது: இது வேண்டாம், யார் கையில் இருக்கிறதோ அவருக்கே சொந்தம் என்கிற மாதிரிப் பத்திரத்தை வெளியிட்டால் அது ரூபாய் நோட்டு போலவே கைமாறும், நோட்டின் மீதுள்ள நம்பிக்கை கெடும், கறுப்புப் பணத்தை வெளுக்கவும் வழியாகிவிடும். அன்றைக்கே வருவாய்த் துறைச் செயலர் கோப்பில் குறிப்பு எழுதுகிறார். ரிசர்வ் வங்கி இந்த ஏற்பாட்டைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை, ஆலோசனையும் தாமதமாக வந்திருக்கிறது, நிதி மசோதா ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்பது அதன் சாரம். பிப்ரவரி 1 அன்று நிதி அமைச்சர் அருண் ஜெட்லி நாடாளுமன்றத்தில் திட்டத்தை அறிவிக்கிறார்.

இவ்வளவும் தேதி வாரியாக நமக்கு எப்படித் தெரிந்தது? கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற கமோடோர் லோகேஷ் பத்ரா என்பவர் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) மனுவுக்கு மேல் மனு போட்டு வாங்கிய கோப்புப் பக்கங்களில் இருந்தது. அவற்றைப் படித்து, வரிசைப்படுத்தி, செய்தியாளர் நிதின் சேத்தி 2019 நவம்பரில் ஹஃப்போஸ்ட் இந்தியா செய்தித் தளத்தில் தொடராக எழுதினார். 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தேர்தல் பத்திரத் திட்டத்தையே செல்லாது என்று ரத்து செய்தபோது, ரிசர்வ் வங்கியின் அந்த ஆட்சேபங்கள் தீர்ப்பிலும் இடம்பெற்றன.

புலனாய்வு என்றவுடன் இரவில் யாரோ கொண்டுவந்து தரும் ரகசிய உறையைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அரசு அலுவலகத்தில் எந்தக் காரியமும் காகிதம் இல்லாமல் நகராது. ஒரு ரூபாய் வெளியே போக வேண்டுமென்றால்கூட யாரோ எழுத வேண்டும், யாரோ பரிந்துரைக்க வேண்டும், யாரோ கையெழுத்திட வேண்டும். அந்தக் காகிதத்தின் பெயர் என்ன, அது எந்த அலுவலகத்தில் எந்த மேசையில் இருக்கும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் முதல் திறமை. ஆர்.டி.ஐ. மனு எழுதுவது அதற்கு அப்புறம்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் போன்றவர்கள் இருந்த மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 முதல் கிராமங்களில் பொது விசாரணைகள் நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளுக்கான கூலிப் பட்டியலையும் பில்லையும் ஊர் நடுவே உரக்கப் படிப்பார்கள், செய்யாத வேலைக்குக் கூலி வாங்கியதாக எழுதப்பட்டவர்கள் எழுந்து நின்று மறுப்பார்கள். 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. அதன் தொடர்ச்சியாகத்தான் 2005 அக்டோபர் 12-இல் இன்றைய மத்தியச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு எட்டு வருடம் முன்பே, 1997-இல், நாட்டிலேயே முதல் மாநிலமாகத் தமிழ்நாடு இப்படி ஒரு சட்டம் போட்டது. விதிவிலக்குகள் ஏராளம் என்பதால் அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் வாங்க முடியவில்லை. சட்டத்தின் வேர் கூலிப் பட்டியலில் இருக்கிறது என்பதைப் புதிய செய்தியாளர்கள் மறக்கக் கூடாது என்பது என் ஆசை. டெல்லி அமைச்சகக் கோப்புக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவு மதிப்பு ஊராட்சி ஒன்றிய அலுவலக அலமாரியில் இருக்கும் கோப்புக்கும் உண்டு.

சரி, மனுவுக்கு வருவோம்.

கெட்டுப்போகும் மனு எப்படி இருக்கும்?

புதிதாக எழுதுபவர்களின் மனு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது: "எங்கள் ஊர்ச் சாலை போட்ட ஆறே மாதத்தில் பெயர்ந்தது ஏன்? இதற்கு யார் பொறுப்பு? அவர்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?" நியாயமான கோபம்தான், ஆனால் முப்பது நாள் கழித்து ஒற்றை வரியில் பதில் வரும்: தாங்கள் கோருவது சட்டத்தின்படி தகவல் என்ற வரையறைக்குள் வராது. அவர்கள் சொல்வது சட்டப்படி சரியும்கூட. பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பதைத் தருவதுதான் பொதுத் தகவல் அலுவலரின், அதாவது இந்த மனுக்களுக்குப் பதில் தர அலுவலகத்தில் நியமிக்கப்பட்டவரின், வேலை. இல்லாத தகவலைத் திரட்டித் தரவோ, கருத்துச் சொல்லவோ, விளக்கம் கொடுக்கவோ அவருக்குக் கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சி.பி.எஸ்.இ. விடைத்தாள் வழக்கிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே தீர்ப்புதான் மாணவர்களுக்குத் திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமையையும் கொடுத்தது. விடைத்தாள் இருக்கிறது, ஆகவே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் தர்க்கம்.

ஆக, அதே சாலைக்கு மனுவை இப்படி எழுதலாம்:

"தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ், ______ ஊராட்சி ______ தெருவில் 2023-24 நிதியாண்டில் போடப்பட்ட தார்ச்சாலை தொடர்பாகக் கீழ்க்கண்ட ஆவணங்களின் சான்றளித்த நகல்களை வழங்க வேண்டுகிறேன்.
1. நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, மதிப்பீடு.
2. ஒப்பந்தப்புள்ளிகளின் ஒப்பீட்டுப் பட்டியல், பணி ஆணை, ஒப்பந்தம் (எத்தனை ஆண்டு வரை பழுது வந்தால் ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை உள்ள பக்கம் உட்பட).
3. அளவுப் புத்தகத்தில் இப்பணிக்குரிய பக்கங்கள்.
4. தரச் சோதனை அறிக்கைகள்.
5. ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல்கள், வழங்கிய தேதிகள்.
6. இப்பணிக்கான கோப்பைப் பிரிவு 2(ஜே)-இன்படி நேரில் பார்வையிட ஒரு நாளும் நேரமும் குறித்துத் தரவும்."

இந்த மனுவில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை. இதில் மூன்றாவது வரிதான் உயிர். அளவுப் புத்தகம், அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள், பொறியாளர் வேலை நடந்த இடத்துக்குப் போய் அளந்து எழுத வேண்டிய பதிவேடு. நீளம், அகலம், கனம், போட்ட பொருளின் அளவு எல்லாம் அதில் இருக்கும். மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடமும் இருக்கும். அதில் எழுதியதை வைத்துத்தான் பில் பாஸாகும். எனவே எம்-புக் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் இரண்டு பேரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, டேப் எடுத்துப் போய்ச் சாலையை அளந்தால் போதும். புத்தகத்தில் 3.75 மீட்டர் அகலம் என்று இருந்து தரையில் 3 மீட்டர்தான் வந்தால், "ஏன்" என்ற கேள்விக்கு நீங்கள் தனியாகப் பதில் தேட வேண்டியதே இல்லை. அளந்ததைத் தேதி நேரத்தோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் அளந்து எழுதுங்கள், சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மதிப்பீட்டில் உள்ள குறிப்போடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் "நீங்கள் அளந்தது வேறு சாலை" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பிரிவு 2(ஜே) நகல் வாங்குவதோடு நிற்பதில்லை. வேலையையும் கோப்பையும் நேரில் பார்வையிடலாம், குறிப்பெடுக்கலாம், பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரியைக்கூடக் கேட்கலாம். கோப்பைப் பார்வையிடுவதை நான் எப்போதும் வலியுறுத்துவேன். நாம் பெயர் தெரிந்து கேட்ட ஐந்து காகிதத்துக்கு நடுவே, இருப்பதே தெரியாத ஆறாவது காகிதம் அங்கேதான் கண்ணில் படும். அதன் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த மனுவில் கேட்கலாம்.

அப்புறம், கோப்பு என்று கேட்கும்போது கடிதங்களோடு நிறுத்தாமல் கோப்புக் குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். தலைமைச் செயலகத்தில் நோட் ஃபைல், கரண்ட் ஃபைல் என்று இரண்டு உண்டு. வந்த கடிதமும் போன கடிதமும் கரண்ட் ஃபைலில் இருக்கும். யார் என்ன சொன்னார், யார் ஆட்சேபித்தார், யார் அதை மீறி ஒப்புதல் கொடுத்தார் என்பதெல்லாம் நோட் ஃபைலில் இருக்கும். தேர்தல் பத்திரக் கதையில் "மசோதா அச்சாகிவிட்டது" என்ற வரி அப்படிப்பட்ட குறிப்பில் வந்ததுதான். அறிவிப்பை மட்டும் வாங்கியிருந்தால் அந்த வரி கிடைத்திருக்காது.

கட்டணமும் கெடுவும்

இது சலிப்பான பகுதி, ஆனால் இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். மனுவுக்கு 10 ரூபாய். தமிழ்நாடு அரசு அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புவதே வழக்கம், மத்திய அரசு அலுவலகம் என்றால் போஸ்டல் ஆர்டர். இரண்டுக்குமே இணையவழி மனுத் தளங்களும் உண்டு. நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். மத்திய அரசுக்கான விதிகளில் மனு சாதாரணமாக 500 சொல்லுக்குள் இருக்க வேண்டும் என்று இருக்கிறது, அதனால் ஊரில் உள்ள எல்லாப் பிரச்சினையையும் ஒரே மனுவில் கொட்டாதீர்கள். தமிழ்நாட்டு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், அது உரிமை. தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள், ஏனென்றால் நாள் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மனு கிடைத்த 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டீர்களா, பரவாயில்லை, ஐந்து நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. கெடு தாண்டிவிட்டால் நகல் கட்டணமே கேட்கக் கூடாது. பதில் வராவிட்டாலும், வந்த பதில் அரைகுறையாக இருந்தாலும், 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அவர் 30 நாளில், நீட்டித்தாலும் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. ஆணையம் நினைத்தால் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் போடலாம்.

நினைத்தால் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆணையத்தில் வழக்கு விசாரணைக்கு வருவதற்கே பல மாதங்கள், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகிவிடுகிறது. அதனால் நாளைய செய்திக்கு ஆர்.டி.ஐ. உதவாது. இன்றைக்குப் பத்து மனு போட்டுவிட்டு வழக்கமான வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், வரும்போது வரும். ஒரு நோட்டிலோ எக்செல் தாளிலோ மனு எண், அனுப்பிய தேதி, 30-ஆம் நாள் எது, மேல்முறையீட்டுக் கெடு எது என்று எழுதி வைத்துக்கொள்ளாத செய்தியாளருக்கு இந்தச் சட்டம் பாதிதான் பயன்படும். முதல் மறுப்பிலேயே நிறுத்திவிடுபவர்களே அதிகம் என்பது அலுவலகங்களுக்கும் நன்றாகத் தெரியும், அதனால்தான் முதல் பதிலில் சும்மா ஒரு பிரிவு எண்ணைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. போடுங்கள்.

மறுத்தால் என்ன சொல்வது?

மறுப்பதற்கான காரணங்கள் பிரிவு 8(1)-இலும் 9-இலும் பட்டியலாக இருக்கின்றன. அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு காரணம் சொன்னால், எடுத்துக்காட்டாக "கோப்பு பெரியது", "தாங்கள் எதற்காகக் கேட்கிறீர்கள் என்று தெரிவிக்கவில்லை" என்றால், அது மறுப்பே அல்ல. எதற்காக என்று சொல்ல வேண்டியதில்லை என்பது பிரிவு 6(2). 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று ஒரு தீர்ப்பில் எழுதியது, சட்டத்திலேயே வேறு மாதிரி இருக்கிறது என்று கவனத்துக்கு வந்ததும் சில நாட்களிலேயே அந்தப் பகுதியை அதே நீதிமன்றம் நீக்கிவிட்டது.

"விசாரணை நடந்துகொண்டிருக்கிறது, ஆகவே தர முடியாது" என்பது அடிக்கடி வரும் பதில். இது பிரிவு 8(1)(எச்). ஆனால் விசாரணை நடக்கிறது என்பது மட்டும் போதாது, இந்தத் தகவலைக் கொடுத்தால் விசாரணை எப்படித் தடைப்படும் என்று அலுவலர் காட்ட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2007-இல் பகத் சிங் என்பவரின் வழக்கில் சொன்னது. மேல்முறையீட்டில் இந்த ஒரு வாதத்தைத் தெளிவாக எழுதினாலே சில கோப்புகள் திறக்கும்.

இப்போது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம் பிரிவு 8(1)(ஜே), அதாவது தனிப்பட்ட தகவல். முன்பு அந்தப் பிரிவில் இரண்டு வடிகட்டிகள் இருந்தன: பொதுப் பணிக்கோ பொது நலனுக்கோ தொடர்பே இல்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடும் தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம், அதிலும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுத்தாக வேண்டும். நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்கக் கூடாது என்ற வாசகமும் அங்கேயே இருந்தது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் தொடர்பானது என்றாலே மறுக்கலாம் என்று ஒற்றை வரியாக்கிவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. கூலிப் பட்டியலில் இருந்த பொய்ப் பெயர்களைப் படித்துத்தான் இந்தச் சட்டமே பிறந்தது, இப்போது பெயர் என்றாலே மறுக்கலாம் என்றால் அந்தப் பட்டியலை யார் எப்படிச் சரிபார்ப்பது? இது எனக்குப் பெரிய அநியாயமாகவே படுகிறது.

ஆனாலும் கதவு முழுக்க மூடவில்லை. பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது: மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதால் கிடைக்கும் பொதுநலன் பெரிது என்றால், விலக்குப் பெற்ற தகவலையும் கொடுக்கலாம். ஆகவே இனிமேல் மனுவிலேயே, குறைந்தது மேல்முறையீட்டிலாவது, அந்தப் பொதுநலன் என்ன என்று இரண்டு மூன்று வரியில் எழுதிவிடுங்கள். சட்டப்படி காரணம் சொல்லத் தேவையில்லை என்றாலும் இந்த இடத்தில் சொல்வது நல்லது. பிரிவு 10-ஐயும் துணைக்கு அழையுங்கள்: ஒரு பக்கத்தில் மறைக்க வேண்டியது ஒரு வரி என்றால் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். தனிநபர் பெயருக்குப் பதிலாகப் பதவியையும் தொகையையும் தேதியையும் கேட்டாலே பாதிச் செய்தி கையில் வந்துவிடும்.

மனு போடும் முன்பே கிடைப்பவை

ஆர்.டி.ஐ.யில் கேட்பதற்கு முன்னால் அது ஏற்கெனவே வெளியே கிடக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதம் காத்திருந்து வாங்கிய காகிதம் இணையதளத்திலேயே இருந்தது என்று தெரியும்போது வரும் எரிச்சல் சொல்லி மாளாது. பிரிவு 4(1)(பி) ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களைச் சொல்கிறது, அதில் அலுவலர்களின் பட்டியல், மாதச் சம்பளம், நிதி ஒதுக்கீடு, மானியம் பெற்றவர்கள் எல்லாம் வரும். பல துறைகளின் பக்கம் பழையதாக இருக்கும், ஆனால் எந்தப் பதிவேடுகள் அந்த அலுவலகத்தில் உண்டு என்ற பட்டியல் அங்கே கிடைக்கும், அதை வைத்து மனுவைக் குறிபார்த்து எழுதலாம்.

அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி.யின் அறிக்கைகளைச் சட்டமன்றத்தில் வைத்த அன்று மட்டும் எழுதிவிட்டு விட்டுவிடுகிறோம். அந்த அறிக்கையில் ஒரு மாவட்டத்தில் மூன்று மருத்துவமனையைச் சோதித்ததாக இருந்தால், உங்கள் மாவட்டத்து மருத்துவமனையில் அதே குறை இருக்கிறதா என்று அதே பதிவேடுகளின் பெயரைச் சொல்லிக் கேட்கலாம், எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தணிக்கையாளரே சொல்லிக் கொடுத்துவிட்டார். மானியக் கோரிக்கையின்போது வரும் கொள்கை விளக்கக் குறிப்பு, டெண்டர் தளம், அரசாணைகள், வேட்பாளர்களின் சொத்துப் பிரமாணப் பத்திரங்கள் (இவை உச்ச நீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்தவை), சிறு கட்டணத்தில் கிடைக்கும் கம்பெனிப் பதிவு ஆவணங்கள், பதிவுத் துறை தளத்தில் காசில்லாமல் பார்க்கக்கூடிய வில்லங்கச் சான்று, நீதிமன்ற வழக்கு விவரங்கள். டெண்டர் எடுத்த கம்பெனியின் இயக்குநர் பெயரும், அதே ஊரில் நிலம் வாங்கியவர் பெயரும், பிரமாணப் பத்திரத்தில் உள்ள குடும்ப உறுப்பினர் பெயரும் ஒன்றாக வரும் இடங்களில்தான் நல்ல செய்திகள் ஒளிந்திருக்கின்றன. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஆள் ஒன்று என்று முடிவு கட்டக் கூடாது. நம் ஊரில் ஒரே இனிஷியலோடு ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். தந்தை பெயர், முகவரி, வயது என்று குறைந்தது இன்னும் இரண்டு அடையாளமாவது பொருந்த வேண்டும்.

ஆட்களும் வேண்டும்

காகிதம் மட்டும் போதும் என்று சொல்ல வரவில்லை. எந்தக் காகிதத்தைக் கேட்க வேண்டும் என்று சொல்பவர் பெரும்பாலும் ஒரு மனிதர்தான்: ஓய்வுபெற்ற கணக்கர், இடமாற்றம் ஆன ஓவர்சியர், டெண்டரில் தோற்ற ஒப்பந்ததாரர். தோற்றவருக்குச் சொந்தக் கணக்கு இருக்கும், அவர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, ஆனால் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. உள்ளே இருக்கும் ஒருவர் நம்பிச் சொன்ன கோப்பு எண்ணை அப்படியே மனுவில் எழுதினால், அந்த எண் யாருக்கெல்லாம் தெரியும் என்று அலுவலகம் கணக்குப் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடும். அதனால் வட்டத்தைப் பெரிதாக்கிக் கேளுங்கள். அந்த ஒரு பணி வேண்டுமென்றால் அந்த வருடத்தில் அந்த ஒன்றியத்தில் நடந்த எல்லாப் பணிகளின் பட்டியலையும் முதலில் கேட்டு, அதிலிருந்து நான்கைந்தைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் ஒன்றாக இதையும் வையுங்கள். ஒரு மாதம் கூடுதலாகும், ஆகட்டும், ஒருவரின் வேலையைவிட அது பெரிதல்ல.

உங்கள் பாதுகாப்பும் அப்படித்தான். குஜராத்தில் கிர் காட்டுப் பகுதிச் சட்டவிரோதச் சுரங்கங்களைப் பற்றி ஆர்.டி.ஐ. மூலமும் வழக்கு மூலமும் கேட்டுக்கொண்டிருந்த அமித் ஜேத்வா 2010 ஜூலை 20 அன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மனுதாரரின் பெயரும் முகவரியும் ஒப்பந்ததாரர் கைக்குப் போய்விடுவது நடக்கிற விஷயம். தொடர்புகொள்ளத் தேவையானதைத் தவிர வேறு தனிப்பட்ட விவரம் கேட்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது, தபால் பெட்டி எண் கொடுத்தாலே போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013-இல் சொல்லியிருக்கிறது. மணல், நிலம், குவாரி பற்றிய மனு என்றால் வீட்டு முகவரியைத் தராதீர்கள், ஆசிரியருக்கும் இன்னொரு நண்பருக்கும் மனுவின் நகலை அனுப்பி வைத்துவிடுங்கள்.

ஆசிரியர் குழுவில் இதை எப்படிப் பழக்குவது?

ஆர்.டி.ஐ. பயிற்சி என்ற பெயரில் பிரிவு எண்களை ஸ்லைடு போட்டு வாசிப்பதை நிறுத்தினாலே நல்லது, அந்த எண்களை மேல்முறையீடு எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம். நான் செய்யச் சொல்வது வேறு. அன்றைய நாளிதழில் வந்த சாதாரணச் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் எந்தக் காகிதம் இருந்தாக வேண்டும் என்று எழுத வேண்டும். "அரசு மருத்துவமனையில் ஸ்கேன் கருவி பல மாதங்களாகப் பழுது, நோயாளிகள் அவதி" என்று ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவி வாங்கிய ஆணை, இருப்புப் பதிவேடு, பராமரிப்பு ஒப்பந்தம், கடைசியாக ஓடிய நாளைக் காட்டும் லாக் புக், பழுது என்று மருத்துவமனை கம்பெனிக்கும் மருத்துவப் பணிகள் கழகத்துக்கும் எழுதிய கடிதங்கள், கம்பெனி ஆள் வந்து கொடுத்த சர்வீஸ் ரிப்போர்ட், அந்த மாதங்களில் வெளியே ஸ்கேன் எடுக்க அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கை. பராமரிப்புக்குப் பணம் தொடர்ந்து போயிருந்து, லாக் புக் நின்றுபோயிருந்தால், "நோயாளிகள் அவதி" என்ற நான்கு பத்திச் செய்தி வேறு செய்தியாகிவிடும். இந்தப் பயிற்சியைச் சில வாரம் செய்தவர்களுக்கு மனு எழுதுவது தானாக வந்துவிடுகிறது, ஏனென்றால் அலுவலகம் எப்படி வேலை செய்கிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது.

இலங்கையில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் இதே பழக்கம் பொருந்தும். அங்கே 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பிப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. கெடு 14 வேலை நாட்கள், இரண்டாம் மேன்முறையீடு ஆணைக்குழுவுக்கு. காணி, மீள்குடியேற்றம், பிரதேச சபைச் செலவு எதுவானாலும் முதலில் காகிதத்தின் பெயரைக் கண்டுபிடியுங்கள்.

ஆவணம் வந்துவிட்டது, அளந்தாயிற்று, ஆட்களிடம் பேசியாயிற்று என்றால், எழுதும் முன் சம்பந்தப்பட்டவரிடம் கேட்க வேண்டும். "உங்கள் மீது புகார் இருக்கிறது, என்ன சொல்கிறீர்கள்" என்று இரவு ஒன்பது மணிக்கு போன் போடுவது நியாயம் இல்லை. எம்-புக்கில் இத்தனையாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது, நாங்கள் இந்தத் தேதியில் அளந்தபோது இவ்வளவு வந்தது, உங்கள் விளக்கம் என்ன என்று எழுத்தில் அனுப்பி, படித்துப் பதில் சொல்லப் போதுமான நாள் கொடுங்கள். சில சமயம் உண்மையிலேயே விளக்கம் இருக்கும், திருத்திய மதிப்பீடு ஒன்று நமக்குக் கொடுக்கப்படாமல் போயிருக்கும், செய்தியே மாறிவிடும். அது நடப்பது அச்சாகும் முன்பு என்றால் எல்லோருக்கும் நல்லது. செய்தி போகும்போது ஆவணப் பக்கங்களையும், தனிநபர் முகவரி, கைபேசி எண்ணை மறைத்துவிட்டு, வாசகர் பார்க்கும்படி சேர்த்துப் போடுங்கள்.

வெளியான மறுநாள் "விசாரணைக்கு உத்தரவிடப்பட்டுள்ளது" என்று ஒரு வரி வரும். பலரும் அதோடு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்கள். நீங்கள் தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து இன்னொரு 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டுங்கள்: அந்த விசாரணை உத்தரவின் நகல், விசாரணை அலுவலரை நியமித்த ஆணை, அவர் கொடுத்த அறிக்கை, அந்த அறிக்கை மீதான கோப்புக் குறிப்புகள். அப்படி ஓர் ஆவணம் இந்த அலுவலகத்தில் இல்லை என்று பதில் வந்தால், முத்திரையோடு வந்த அந்தப் பதிலே உங்கள் இரண்டாவது செய்தி.